உலக வங்கிக்கும் ஐ.எம்.எஃப்.புக்கும் தலைவர் எப்படி வருகிறார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"உலக வங்கியின் புதிய தலைவர் ஒருமனதாகத் தேர்வு" என்று நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை செய்தி வருகிறது. போட்டியிட்டவர் யார், தோற்றவர் யார் என்று தேடினால் பெரும்பாலும் ஒரே பெயர்தான் கிடைக்கும். அது ஏன் என்பதில் தொடங்கி, சிபாரிசு, சொந்தபந்தம், அரசியல் செல்வாக்கு வரை பலரும் கேட்கிற கேள்விகளும் பதில்களும் இங்கே.

இந்தத் தலைவர்களை உண்மையில் யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

ஏட்டில் இருப்பதைப் பார்த்தால், செயல் இயக்குநர்கள் குழு, அதாவது நிர்வாகக் குழு. வளர்ச்சித் திட்டங்களுக்குக் கடன் தரும் உலக வங்கிக்கும், நெருக்கடியில் சிக்கிய நாடுகளுக்குக் கடன் தரும் சர்வதேச நாணய நிதியத்துக்கும் (ஐ.எம்.எஃப்.) தனித்தனியாக அப்படி ஒரு குழு உண்டு, ஒவ்வொன்றிலும் 25 பேர். 190 நாடுகள் அளவுக்கு உறுப்பினராக இருப்பதால், பெரிய நாடுகளுக்குத் தனி இருக்கை, மற்றவை கூட்டாக ஓர் இருக்கை. இந்தியா, இலங்கை, வங்கதேசம், பூட்டான் நான்குக்கும் சேர்த்து ஒரே ஆள்.

நடைமுறையில், உலக வங்கித் தலைவரை அமெரிக்க அதிபர் முடிவு செய்கிறார். ஐ.எம்.எஃப்.பின் தலைவரான மேலாண் இயக்குநரை ஐரோப்பிய நிதி அமைச்சர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்கிறார்கள். குழுவின் வாக்கு அதற்குப் பிறகு நடக்கிற சம்பிரதாயம். 2019-இல் இது ஒளிவுமறைவின்றியே நடந்தது. ஆகஸ்ட் மாதம் ஐரோப்பிய நிதி அமைச்சர்கள் பல்கேரியாவின் கிறிஸ்டலினா ஜார்ஜியேவாவா, நெதர்லாந்தின் யெரோன் டைசல்ப்ளூமா என்று தங்களுக்குள்ளேயே வாக்கெடுத்தார்கள். வென்றவர் ஜார்ஜியேவா. அந்த மாதம்தான் அவருக்கு 66 வயது நிறைந்தது; மேலாண் இயக்குநராகும்போது 65-க்குள் இருக்க வேண்டும் என்பது ஐ.எம்.எஃப். விதி. அடுத்த மாதமே அந்த விதியை நீக்கினார்கள். களத்தில் வேறு வேட்பாளர் இல்லை.

இதே விதி 2011-இல் ஸ்டான்லி ஃபிஷருக்கு அசையவில்லை. ஐ.எம்.எஃப்.பின் முதல் துணை மேலாண் இயக்குநராக இருந்தவர், பிறகு இஸ்ரேல் மத்திய வங்கி ஆளுநர், அனுபவத்தில் யாருக்கும் குறைந்தவர் இல்லை. வயது 67 என்று சொல்லி அவரது மனுவை ஒதுக்கிவிட்டார்கள்.

அமெரிக்கருக்கு ஒன்று, ஐரோப்பியருக்கு ஒன்று என்று எந்த விதியில் எழுதியிருக்கிறது?

எதிலும் இல்லை. 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸ் என்ற இடத்தில் 44 நாடுகள் கூடி இரண்டு நிறுவனங்களையும் உருவாக்கின. அவற்றின் சாசனத்தில், செயல் இயக்குநர்கள் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள், அவர் ஆளுநராகவோ (உறுப்பு நாட்டின் சார்பில் நியமிக்கப்படுபவர், பெரும்பாலும் நிதி அமைச்சர்) செயல் இயக்குநராகவோ இருக்கக் கூடாது என்று மட்டும்தான் இருக்கிறது. எந்த நாட்டவர் என்ற பேச்சே கிடையாது.

வழக்கம் 1946-இல் உருவானது. உலக வங்கி கடன் கொடுக்க வேண்டுமானால் முதலில் கடன் வாங்க வேண்டும். போர் முடிந்த நேரத்தில் அவ்வளவு பணம் இருந்தது நியூயார்க் சந்தையில்தான். அந்த முதலீட்டாளர்கள் நம்ப வேண்டுமென்றால் தலைவர் அமெரிக்கராக இருக்க வேண்டும் என்று வாஷிங்டன் நினைத்தது. இரண்டையும் தானே எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்காது என்பதால் ஐ.எம்.எஃப். ஐரோப்பாவுக்குப் போனது. அன்றைக்கு அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது என்றே சொல்வேன். இன்றைக்கு உலக வங்கியின் பத்திரங்களை உலகம் முழுக்க வாங்குகிறார்கள். வழக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது.

அன்றிலிருந்து உலக வங்கிக்கு 14 தலைவர்கள், 14 பேரும் அமெரிக்கக் குடிமக்கள். ஐ.எம்.எஃப்.புக்கு 12 மேலாண் இயக்குநர்கள், 12 பேரும் ஐரோப்பியர்கள், அதில் ஐவர் பிரெஞ்சுக்காரர்கள். ஐ.எம்.எஃப்.பின் முதல் துணை மேலாண் இயக்குநர் பதவியும் அமெரிக்கர்களுக்கே போய்க்கொண்டிருக்கிறது.

தலைவரை நியமிப்பதில் அமெரிக்காவுக்கு வீட்டோ இருக்கிறதா?

சட்டப்படி இல்லை, பலர் இதில் குழம்புகிறார்கள். ஐ.எம்.எஃப்.பில் அமெரிக்காவின் வாக்கு சுமார் 16.5 சதவீதம். சாசனத் திருத்தம், ஒதுக்கீட்டு (ஒவ்வொரு நாடும் நிதியத்தில் செலுத்தும் பங்குத்தொகை) மாற்றம் போன்றவற்றுக்கு 85 சதவீத ஆதரவு வேண்டும் என்பதால் அவற்றை அமெரிக்கா தனியாகவே தடுக்க முடியும். தலைவர் தேர்வுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்தாலே பாதியை நெருங்கிவிடும். ஜப்பானின் சுமார் 6 சதவீதம் கூடினால் வேலை முடிந்தது. இந்தியாவின் வாக்கு சுமார் 2.6 சதவீதம்.

சட்டத்தில் இல்லாத வீட்டோ நடைமுறையில் செயல்பட்டதும் உண்டு. 2000-இல் ஐ.எம்.எஃப். தலைமைக்கு ஜெர்மனி தன் நிதித்துறைச் செயலர் கயோ கோக்-வேசரை முன்னிறுத்தியது, மற்ற ஐரோப்பிய நாடுகளும் ஒப்புக்கொண்டன. கிளின்டன் அரசு 'இவர் வேண்டாம்' என்றது. அதோடு அவர் கதை முடிந்தது. ஜெர்மனி வேறொருவரைக் கொடுத்தது: ஹோர்ஸ்ட் கோலர். அவரும் 2004-இல் ஜெர்மனியின் குடியரசுத் தலைவராவதற்காகப் பாதியில் கிளம்பிவிட்டார்.

வளரும் நாடுகள் எதிர்த்து நின்றதே இல்லையா?

நின்றிருக்கின்றன. கடைசிவரை சேர்ந்து நின்றதில்லை. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் கசப்பாகத் தெரிவது இதுதான்.

2011 மே மாதம் டொமினிக் ஸ்ட்ராஸ்-கான் நியூயார்க்கில் பாலியல் குற்றச்சாட்டில் கைதாகி, ஐ.எம்.எஃப். பதவியை விட்டு விலகினார். (குற்றவியல் வழக்கு சில மாதங்களில் கைவிடப்பட்டது.) சில நாட்களிலேயே பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்தின் செயல் இயக்குநர்களும் கூட்டறிக்கை விட்டார்கள்: ஐரோப்பியர்தான் தலைவராக வேண்டும் என்ற வழக்கம் காலாவதியாகிவிட்டது, அதைக் கைவிட வேண்டும் என்று. மெக்சிகோ மத்திய வங்கி ஆளுநர் அகுஸ்தீன் கார்ஸ்டென்ஸ் களத்தில் இறங்கினார். ஜூன் கடைசியில் முடிவு வந்தபோது பிரான்சின் நிதி அமைச்சர் கிறிஸ்டின் லகார்டுக்குச் சீனா, ரஷ்யா, பிரேசில் மூன்றும் ஆதரவு. கார்ஸ்டென்ஸ் பக்கம் நின்ற பெரிய நாடுகள் கனடாவும் ஆஸ்திரேலியாவும்தான். ஜூலையில் புதிதாக ஒரு துணை மேலாண் இயக்குநர் பதவி உருவாக்கப்பட்டு, சீனாவின் ஜு மின்னுக்குக் கிடைத்தது. இரண்டையும் முடிச்சுப் போடுவதா வேண்டாமா என்பதை வாசிப்பவரே தீர்மானிக்கலாம்.

மறு ஆண்டு உலக வங்கியின் முறை. வரலாற்றிலேயே முதல்முறையாக உண்மையான போட்டி. நைஜீரிய நிதி அமைச்சரும் உலக வங்கியிலேயே நீண்ட காலம் பணியாற்றியவருமான ங்கோசி ஒகோஞ்சோ-இவேலா ஒரு பக்கம், கொலம்பியாவின் முன்னாள் நிதி அமைச்சர் ஹோசே அந்தோனியோ ஒகாம்போ இன்னொரு பக்கம். ஒபாமா நிறுத்தியவர் ஜிம் யோங் கிம்: மருத்துவர், பொதுச் சுகாதாரத்தில் பெயர் பெற்றவர், பல்கலைக்கழகத் தலைவர், நிதித்துறைக்கு வெளியாள். 'இது தகுதிக்கான போட்டியாக இல்லை, அரசியலாகிவிட்டது' என்ற பொருளில் சொல்லிவிட்டு ஒகாம்போ விலகினார். 2012 ஏப்ரல் 16 அன்று கிம் தேர்வானார். ரஷ்யா அவரை வெளிப்படையாகவே ஆதரித்தது. ஒகோஞ்சோ-இவேலா பின்னர் 2021-இல் உலக வர்த்தக அமைப்பின் தலைமை இயக்குநரானார். அங்கே அமெரிக்காவுக்குப் பரம்பரைப் பாத்தியதை கிடையாது.

இத்தனைக்கும் 2009 ஏப்ரலில் லண்டனில் கூடிய ஜி20 தலைவர்கள், இந்த நிறுவனங்களின் தலைவர்களைத் திறந்த, வெளிப்படையான, தகுதி அடிப்படையிலான முறையில்தான் நியமிக்க வேண்டும் என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

சொந்தக்காரருக்கும் வேண்டப்பட்டவருக்கும் சலுகை காட்டி மாட்டிக்கொண்ட தலைவர் உண்டா?

பெரிய உதாரணம் பால் வோல்ஃபோவிட்ஸ். ஈராக் போரை வடிவமைத்தவர்களில் ஒருவர், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் துணை அமைச்சர். 2005-இல் புஷ் அவரை உலக வங்கிக்கு அனுப்பினார். (வியட்நாம் போர்க் காலப் பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாராவும் 1968-இல் நேராக இந்த நாற்காலிக்குத்தான் வந்தார். போர் நடத்தியவர்களை வறுமை ஒழிப்புக்கு அனுப்புவதில் வாஷிங்டனுக்கு என்ன ஆர்வமோ.)

வோல்ஃபோவிட்ஸ் வந்தபோது, அவருடன் நெருங்கிய உறவில் இருந்த பெண்மணி ஏற்கெனவே வங்கியில் அதிகாரியாக இருந்தார். தலைவரின் கீழ் அவரது வாழ்க்கைத்துணை போன்றவர் வேலை செய்ய முடியாது என்பது விதி. வோல்ஃபோவிட்ஸ் இந்த உறவை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார் என்பதையும் குறிப்பிட வேண்டும். வங்கியின் ஒழுங்குமுறைக் குழு, அந்தப் பெண்மணியை வெளியே வேறு பணிக்கு மாற்றச் சொன்னது. தப்பு நடந்தது இதற்குப் பிறகு. எவ்வளவு சம்பளம், எவ்வளவு உயர்வு, திரும்பி வரும்போது என்ன பதவி என்ற விவரம் வரைக்கும் வோல்ஃபோவிட்ஸே மனிதவளத் துறைக்குக் கட்டளையிட்டார். அந்தப் பெண்மணி அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு மாற்றப்பட்டார், சம்பளத்தை வங்கியே கொடுத்தது. சுமார் 1,33,000 டாலராக இருந்த சம்பளம் 1,93,000 டாலரைத் தாண்டியது, அதுவும் வரி இல்லாமல்.

2007 வசந்த காலத்தில் விஷயம் வெளியே வந்தது. வங்கி ஊழியர்கள் வெளிப்படையாகவே அவரைப் பதவி விலகச் சொன்னார்கள். கடன் வாங்கும் நாடுகளில் ஊழலை ஒழிப்பேன் என்பதுதான் அவரது முக்கிய முழக்கமாக இருந்தது என்பதால் கோபம் இரட்டிப்பானது. விசாரணைக் குழு, அவர் விதிகளை மீறினார் என்றது. மே 17 அன்று விலகல் அறிவிப்பு வந்தது. அவர் நல்லெண்ணத்துடன்தான் செயல்பட்டார் என்ற உறுதிமொழியை ஏற்றுக்கொள்வதாக ஒரு வரியை நிர்வாகக் குழு சேர்த்து, கௌரவமாக வழியனுப்பியது. நாலு பேர் முன்னால் அவமானப்பட்டது பெரும்பாலும் அந்தப் பெண்மணிதான். அவர் 1997-லிருந்தே வங்கியில் வேலை பார்த்தவர்; வோல்ஃபோவிட்ஸ் வராமல் இருந்திருந்தால் தன் பதவி உயர்வைத் தானே வாங்கியிருப்பார்.

அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையாவது மாறியதா? இல்லை. புஷ் ராபர்ட் ஸெல்லிக்கின் பெயரைச் சொன்னார், அவரே வந்தார்.

அதிபர் ட்ரம்ப் தன் மகளையே உலக வங்கித் தலைவராக்க நினைத்தாரா?

நினைத்ததாக அவரே சொன்னார். 2019 ஜனவரியில் கிம் திடீரென்று விலகுவதாக அறிவித்து, தனியார் முதலீட்டு நிறுவனம் ஒன்றில் சேரப் போனார். அடுத்தவர் யார் என்ற பேச்சில் இவாங்கா ட்ரம்பின் பெயர் அடிபட்டது. அவர் வேட்பாளர் இல்லை என்று வெள்ளை மாளிகை மறுத்தது. ஆனால் வேட்பாளரைத் தேடுகிற வேலையில் அவரும் உதவுவார் என்று அதே மூச்சில் சொன்னது. ஏப்ரலில் ஒரு பத்திரிகைப் பேட்டியில், மகளை உலக வங்கிக்கு அனுப்ப யோசித்ததாகவும், எண்களில் கெட்டிக்காரி என்பதால் நன்றாகச் செய்திருப்பார் என்றும் ட்ரம்ப் சொன்னார்.

அவர் அனுப்பியது டேவிட் மால்பாஸை. அப்போதைய அமெரிக்க நிதித்துறை அதிகாரி, ட்ரம்பின் தேர்தல் பிரசாரத்தில் பொருளாதார ஆலோசகர், இந்த நிறுவனங்களைக் கடுமையாக விமர்சித்தவர். போட்டியில்லை. ஒரு நாட்டின் அதிபர் சொல்லும் பெயரை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்னும்போது, அவர் மகள் பெயரைச் சொல்லாமல் இருப்பது அவருடைய தயவுதான். தடுத்து நிறுத்த அங்கே எந்த ஏற்பாடும் இல்லை.

அஜய் பங்கா நம் நாட்டில் பிறந்தவர்தானே? நிலைமை மாறிவிட்டது என்று சொல்லலாமா?

புனேயில் பிறந்தவர், இந்தியாவில் படித்தவர், மாஸ்டர்கார்டு நிறுவனத்தை நடத்தியவர். திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் அமெரிக்கக் குடிமகன், பைடன் பெயர் சொன்ன வேட்பாளர். 2023 பிப்ரவரி 23 அன்று வேட்புமனு வாங்கத் தொடங்கினார்கள்; அன்றே பைடன் அவர் பெயரை அறிவித்தார். மார்ச் 29 வரை காத்திருந்தார்கள், இன்னொரு மனு வரவில்லை. கிம்கூட தென் கொரியாவின் சியோலில் பிறந்தவர்தான். பிறந்த ஊர் மாறினாலும் பாஸ்போர்ட் மாறவில்லை.

திறமையானவர் யாராவது வந்தால் சரிதானே, எந்த நாட்டவர் என்பதில் என்ன இருக்கிறது?

நியாயமான கேள்வி. கிரேக்கத்தையும் இலங்கையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

2010 மே மாதம் கிரேக்கம் திவாலாகும் நிலையில் இருந்தது. அதன் கடன் பத்திரங்களை ஏராளமாக வைத்திருந்தவை பிரெஞ்சு, ஜெர்மன் வங்கிகள். ஐ.எம்.எஃப்.பின் தலைவர் பிரெஞ்சுக்காரரான ஸ்ட்ராஸ்-கான். அடுத்த பிரெஞ்சு அதிபர் தேர்தலில் நிற்பார் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். கடன் திருப்பித் தரக்கூடிய அளவில் இருக்கும் என்பதற்கு நல்ல வாய்ப்பு இருந்தால்தான் வழக்கத்தை மீறிய பெரிய தொகை தரலாம் என்பது ஐ.எம்.எஃப். விதி. கிரேக்கத்துக்கு அப்படி உறுதி சொல்ல ஊழியர்களால் முடியவில்லை. விதியில் ஒரு விலக்கு நுழைக்கப்பட்டது: மற்ற நாடுகளுக்குப் பாதிப்பு பரவும் ஆபத்து இருந்தால் அந்த நிபந்தனை வேண்டாம் என்று. நிர்வாகக் குழுவில் பலர் அதைச் சரியாகக் கவனிக்கக்கூட இல்லை. 30 பில்லியன் யூரோ, அதாவது கிரேக்கத்தின் ஒதுக்கீட்டைப்போல் 30 மடங்குக்கு மேல், கொடுக்கப்பட்டது. பிரேசில் போன்ற நாடுகளின் பிரதிநிதிகள் அன்றே எச்சரித்தார்கள். யூரோ நெருக்கடியை ஐ.எம்.எஃப். கையாண்ட விதத்தை அதன் சொந்த மதிப்பீட்டு அலுவலகமே 2016-இல் கடுமையாக விமர்சித்தது. அதே ஆண்டு அந்த விலக்கையும் எடுத்துவிட்டார்கள்.

இலங்கை 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. ஐ.எம்.எஃப். ஊழியர்களுடன் முதற்கட்ட ஒப்பந்தம் செப்டம்பர் 1-இல். கடன் தாங்கக்கூடிய நிலைக்கு வரும் என்று இந்தியா, சீனா உள்ளிட்ட கடன் கொடுத்த நாடுகள் ஒவ்வொன்றாக உறுதி தரும்வரை காத்திருந்து, நிர்வாகக் குழு ஒப்புதல் 2023 மார்ச் 20-இல் வந்தது. தொகை சுமார் 3 பில்லியன் டாலர், ஒதுக்கீட்டில் 395 சதவீதம். எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்ற மக்களுக்கு அந்தப் பதினோரு மாதம் எப்படி இருந்திருக்கும்?

இரண்டு நெருக்கடியின் அளவும் வேறு, ஆபத்தும் வேறு. கிரேக்கத்துக்குத் தலைவரின் நாடு மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் ஆசியரோ ஆப்பிரிக்கரோ அந்த நாற்காலியில் இருந்திருந்தால், பிரெஞ்சு வங்கிகளைக் காப்பாற்ற விதி அவ்வளவு வேகமாக வளைந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

ஜார்ஜியேவா மீது ஒரு புகார் வந்ததே, அது என்ன?

அவர் உலக வங்கியின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த காலத்து விஷயம். தொழில் தொடங்குவது எங்கே எளிது என்று நாடுகளை வரிசைப்படுத்தும் அறிக்கையை வங்கி ஆண்டுதோறும் வெளியிட்டு வந்தது. 2017-இல் வெளியான அறிக்கையில் சீனா 85-ஆம் இடத்துக்கு இறங்கவிருந்தது. கணக்கில் கைவைத்து 78-இல் நிறுத்தினார்கள். வங்கி நியமித்த சட்ட நிறுவனம் 2021 செப்டம்பரில், மேலிடத்து அழுத்தமே காரணம் என்றது. அப்போது வங்கி தன் மூலதனத்தை உயர்த்தச் சீனா உள்ளிட்ட நாடுகளின் ஆதரவைத் தேடிக்கொண்டிருந்தது. ஜார்ஜியேவா குற்றச்சாட்டை மறுத்தார். வங்கி அந்த அறிக்கையையே மூடிவிட்டது. ஐ.எம்.எஃப். நிர்வாகக் குழு அக்டோபரில் அவர் மீது முழு நம்பிக்கை தெரிவித்தது. 2024-இல் இரண்டாம் முறையும் அவரே, மறுபடியும் ஒற்றை வேட்பாளராக.

மற்ற வளர்ச்சி வங்கிகள் இதைவிட ஒழுங்கா?

மணிலாவில் உள்ள ஆசிய வளர்ச்சி வங்கிக்கு 1966-லிருந்து ஜப்பானியர் மட்டுமே தலைவர். அங்கே இதைப் பற்றி முணுமுணுப்புகூடக் குறைவு.

அமெரிக்கக் கண்டங்களுக்கான வளர்ச்சி வங்கியில் லத்தீன் அமெரிக்கர்தான் தலைவர் என்பது 1959-லிருந்து வழக்கம். 2020-இல் ட்ரம்ப் அதை உடைத்துத் தன் வெள்ளை மாளிகை ஆலோசகர் மௌரிசியோ கிளாவர்-கரோனை நிறுத்தினார். அவர் ஜெயித்தார். 2022-இல், கீழே வேலை பார்த்த ஒருவருடன் உறவு வைத்து, ஓராண்டுக்குள் 40 சதவீதத்துக்கும் மேல் சம்பளம் உயர்த்தினார் என்று வெளி விசாரணை சொன்னது. அவர் மறுத்தார். உறுப்பு நாடுகள் வாக்கெடுத்து அவரை நீக்கின. அடுத்த தேர்தலில் பல நாடுகள் வேட்பாளர் நிறுத்தின. பிரேசிலின் இலான் கோல்ட்ஃபைன் வென்றார்.

ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியை மட்டும் கொஞ்சம் பாராட்டலாம். மொத்த வாக்கிலும் பெரும்பான்மை வேண்டும், ஆப்பிரிக்க நாடுகளின் வாக்கிலும் பெரும்பான்மை வேண்டும். பல சுற்று, பல வேட்பாளர், நிஜமான தேர்தல். 2020-இல் அதன் தலைவர் அகின்வுமி அடெசினா மீது வேண்டப்பட்டவர்களுக்குப் பதவி கொடுத்தார் என்று புகார் வந்தது. உள் குழு அவரை விடுவித்தது. அமெரிக்கா ஒப்புக்கொள்ளாமல் மறுவிசாரணை கேட்டது. அயர்லாந்தின் முன்னாள் அதிபர் மேரி ராபின்சன் தலைமையிலான குழுவும் விடுவித்தது. அவர் மீண்டும் தேர்வானார்.

பிரிக்ஸ் நாடுகளின் புதிய வளர்ச்சி வங்கியில், அதைத் தொடங்கிய பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா ஐந்தும் முறைவைத்துத் தலைவரைத் தருகின்றன. முதல் தலைவர் இந்தியாவின் கே.வி.காமத், 2023-லிருந்து பிரேசிலின் முன்னாள் அதிபர் டில்மா ரூசெஃப். மேற்கத்திய ஏகபோகத்தை எதிர்த்துத் தொடங்கிய இடத்திலும் அரசு சொல்கிறவர்தான் வருகிறார்.

தமிழர் யாராவது இந்த நாற்காலிக்கு அருகில் வந்ததுண்டா?

1944 பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவில் கோயம்புத்தூர் ஆர்.கே.சண்முகம் செட்டியார் இருந்தார். பிறகு சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சர். ரகுராம் ராஜன் 2003 முதல் 2006 வரை ஐ.எம்.எஃப்.பின் தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்தார்.

மிக அருகில் வந்தவர் சிங்கப்பூரின் தர்மன் சண்முகரத்தினம். யாழ்ப்பாணப் பூர்விகம். ஐ.எம்.எஃப்.பின் கொள்கை வழிகாட்டும் அமைச்சர்கள் குழுவுக்கு 2011-இல் தலைவரானார். அந்த இடத்துக்கு வந்த முதல் ஆசியர். மேலாண் இயக்குநர் பதவிக்கு அவர் பெயர் பலமுறை பேச்சில் அடிபட்டது, மனுவாக மாறவில்லை. ஜி20 அமைத்த வல்லுநர் குழுவுக்குத் தலைமை தாங்கி 2018-இல் அவர் கொடுத்த அறிக்கையும், தலைவர்களைத் திறந்த போட்டியில் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்றே பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு நடந்த இரண்டு தேர்வுகளிலும் தலா ஒரு வேட்பாளர்.

அடுத்த தேர்வுகள் எப்போது?

பங்காவின் ஐந்தாண்டு 2023 ஜூன் 2-இல் தொடங்கியது. 2028 ஜூனில் முடிகிறது. ட்ரம்பின் பதவிக்காலம் 2029 ஜனவரி வரை. ஆகவே வழக்கம் தொடர்ந்தால் அடுத்த பெயரைச் சொல்லப்போவது அவருடைய வெள்ளை மாளிகை. ஜார்ஜியேவாவின் இரண்டாவது முறை 2029 செப்டம்பர் இறுதிவரை. வேட்புமனு காலம் சுமார் ஒரு மாதம் திறந்திருக்கும். இந்தியா, இலங்கை, வங்கதேசம், பூட்டான் நான்கின் பொது இயக்குநருக்கும் அப்போது ஒரு பெயரை முன்மொழியும் உரிமை உண்டு.